எண்ணிப் பார்த்து வாங்குவோம் பின் அச்சை!

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் வாக்கு. தேருக்குச் சொன்னது நம் சரக்கு வண்டிக்கும் பொருந்தும். மண்டிக்குச் சரக்கு வருவதும், மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு போவதும் வண்டியை நம்பித்தான். அந்த வண்டியின் மொத்தப் பாரத்தையும் இழுவையையும் தாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் சேற்றிலும் புழுதியிலும் கிடப்பது பின் அச்சு. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைக் குனிந்து பார்த்திருக்கிறோம்? என்ஜினைக் கேட்டு வாங்குகிறோம், டயரைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். பின் அச்சை மட்டும் விற்பவர் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிவிடுகிறோம். அப்படி வாங்கி நஷ்டப்பட்டவர்களில் நானும் ஒருவன். வணிகப் பெருமக்கள் வேறு எவரும் அந்த நஷ்டத்தை அடையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புளியஞ்சோலையும் நம் வண்டிகளும்

கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில், திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மலையிலிருந்து இறங்கும் ஐயாறு அங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. விடுமுறை நாட்களில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுற்றுலாத் தலம். பழ மண்டி வைத்திருக்கிற எங்களுக்கோ அது கொள்முதல் வாசல். மலைவாழ் மக்கள் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாக இறக்கிய பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் அங்கே கை மாறிய காலம் உண்டு. வண்டிச் சாலை புளியஞ்சோலையோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மலைக்கு நடைதான். வண்டியில் மலை மேல் போக வேண்டுமானால் சுற்றிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் போய், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சோளக்காட்டை அடையலாம். மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம்.

ஆக, எங்கள் பக்கத்து வண்டி மூன்று விதமான பாதையில் ஓடுகிறது. துறையூர், உப்பிலியபுரம் வழியாக நல்ல தார்ச்சாலை. புளியஞ்சோலை அடிவாரத் தோப்புகளில் சேறும் உருளைக்கல்லும். சோளக்காட்டுக்குப் போனால் எழுபது வளைவு. இந்த மூன்றுக்கும் ஈடு கொடுக்கிற வண்டி என்று நாங்கள் பல காலம் நம்பியிருந்தது பழைய மஹிந்திரா ஜீப்பும் அதன் பின்னால் ஒரு சிறு டிரெய்லரும்தான். இன்று பெரும்பாலோர் பிக்கப் வண்டிக்கு மாறிவிட்டோம். என்றாலும் தோப்புக்குள் இறங்க இன்றும் பழைய ஜீப்பை வைத்திருக்கிறவர்கள் உண்டு. பிக்கப் வைத்திருப்பவர்களும் பின் அச்சு தேய்ந்தால் புதிதுக்குப் பதில் பழையதைத் தேடித்தான் போகிறார்கள்.

நான் பட்ட பாடு

1996-ஆம் ஆண்டு. பலா வரத்து சூடு பிடித்த நேரம். என் ஜீப்பின் பின் அச்சில் ஊளைச் சத்தம் எழுந்தது. கிரவுனும் பினியனும் தேய்ந்துவிட்டன என்றார்கள். வெளியூரில் ஒரு பழைய சாமான் கடையில் முழு அச்சாகவே கிடைத்தது. "ஜீப் அச்சுதாங்க, எந்த ஜீப்புக்கும் போடலாம்" என்றார் கடைக்காரர். அளவு சரியாக இருந்தது, ஸ்பிரிங் கட்டை சரியாக உட்கார்ந்தது, பிரேக் டிரம் சரி. புதிய கிரவுன் பினியன் போடுவதைவிட 1,500 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ச்சியோடு மாட்டிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு மழை வந்தது. புளியஞ்சோலைத் தோப்பில் வண்டி சேற்றில் அமிழ்ந்தது. முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் கம்பியைப் போட்டுக் கரையேறினோம். தார்ச்சாலைக்கு வந்ததும் கம்பியை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல முக்கி முக்கி ஓடியது. டயர்கள் கீச்சிட்டன. "வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டுநரை விரட்டினேன். உப்பிலியபுரம் தாண்டுவதற்குள் 'படார்' என்று ஒரு சத்தம். இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில் பல் உடைந்தது, ஷாப்ட்டின் கிராஸும் போயிற்று. பழுது பார்க்க 9,000 ரூபாய். வண்டி நின்றது ஐந்து நாள். டிரெய்லரில் இருந்த பலா பாதி விலைக்குப் போயிற்று.

துறையூரில் வயதான ஒரு மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். எழுந்து வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"ஏந்தம்பி, மண்டியில பழத்த எண்ணாம வாங்குவீங்களா?"

"எண்ணித்தானே வாங்குவோம்."

"அப்ப இதுல பல்ல ஏன் எண்ணல?"

என் வண்டியின் முன் அச்சில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். நான் வாங்கி மாட்டிய பின் அச்சில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8 பல். முன் சக்கரம் 39 அடி போக, பின் சக்கரம் 43 அடி போக நினைக்கிறது. சேற்றில் டயர் வழுக்கிக் கொடுத்ததால் தெரியவில்லை. தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் அந்த முறுக்கு முழுவதும் பல்லிலும் ஷாப்ட்டிலும் ஏறிவிட்டது. இரண்டு அச்சும் ஜீப் அச்சுதான். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. எண்ணாதது என் குற்றம்.

விகிதம் என்றால் என்ன?

என்ஜினிலிருந்து வரும் ஷாப்ட்டின் முனையில் இருக்கும் சிறு பற்சக்கரம் பினியன். அது சுற்றுகிற பெரிய பற்சக்கரம் கிரவுன். கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் வருவதே அச்சின் விகிதம். 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38. அதாவது ஷாப்ட் 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். 39-க்கு 8 என்றால் 4.88. 47-க்கு 11 என்றால் 4.27.

எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் சிறிதானால் வேகம் கூடும், இழுவை குறையும். நம் வணிகக் கணக்கில் சொன்னால், 4.27 அச்சு ஒரு ரூபாய்க்கு இழுத்தால் 5.38 அச்சு அதே என்ஜினை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய் 26 காசுக்கு இழுக்கும். அந்த 26 காசு இனாமாக வருவதில்லை. 28 அங்குல உயரமுள்ள டயர் போட்ட ஜீப், டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓட, 4.27 அச்சில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,900 சுற்றுச் சுற்றினால் போதும். 5.38 அச்சில் சுமார் 2,400 சுற்றுச் சுற்ற வேண்டும். நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு அந்த 500 சுற்று எரிபொருளாகவும் தேய்மானமாகவும் கல்லாவிலிருந்து போகும்.

எனவே எந்த விகிதம் நல்லது என்று கேட்பதில் பொருளில்லை. உங்கள் பாதை எது, பாரம் எவ்வளவு என்பதே கேள்வி. மலையும் தோப்பும் அதிகமானால் பெரிய எண். துறையூருக்கும் திருச்சிக்கும் இடையே ஓடுகிற வண்டிக்குச் சிறிய எண். மலை இறக்கத்தில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் பெரிய எண்ணில் கூடுதலாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் இதற்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு: முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருந்தே தீர வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும்.

திறக்காமலே எண்ணும் முறை

மேஸ்திரி செய்துகாட்டிய முறையைத் துணைக்கு ஒருவர் இருந்தால் எவரும் செய்யலாம்.

வண்டியில் மாட்டியிருக்கிற அச்சானால், சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்குக் கீழே கெட்டியான முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவித்துவிட்டு, தூக்கிய சக்கரத்திலும் ஷாப்ட்டிலும் சாக்கட்டிக் கோடு போடுங்கள். சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுவே விகிதம். ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், மற்றது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று முடிக்கும். இரண்டு சுற்று என்பதன் காரணம் அதுதான்.

ஐந்தேகால் சுற்றுக்குச் சற்று மேல் வந்தால் 5.38. ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. வித்தியாசம் அரைச் சுற்றுத்தான். ஐயம் இருந்தால் சக்கரத்தை இருபது சுற்றுச் சுற்றுங்கள். ஒன்றில் ஏறக்குறைய 54, மற்றதில் ஏறக்குறைய 49 வரும். அப்போது தவறு வராது.

கடையில் கழற்றிப் போட்டிருக்கிற அச்சானால் இன்னும் எளிது. ஒரு பக்க டிரம்மை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறு பக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, பினியன் முனையில் உள்ள தட்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணலாம். சாதாரண டிஃபரன்ஷியலுக்கே இந்தக் கணக்குப் பொருந்தும். இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டு வகையானால் ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறு பக்கம் சுற்ற மறுக்கும். அப்போது மூடியைத் திறந்து பல்லையே எண்ணுவதுதான் வழி. பத்து போல்ட்டைக் கழற்றும் வேலைக்குச் சோம்பல் படக் கூடாது. திறக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்கவும் கூடாது.

கூட்டின் மேல் இருக்கும் அடையாளங்கள்

நம் பழைய ஜீப் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் வழியில் வந்தது. மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் இங்கே அதைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன சி.ஜே.3பி வகை, இங்கே அதன் பிறகும் பல ஆண்டுகள் உற்பத்தியாயிற்று. அதன் பின் அச்சு, ஸ்பைசர் என்றும் டானா என்றும் சொல்லப்படும் வரிசையில் 44 என்ற எண்ணைச் சேர்ந்தது. இந்த எண் கூட்டின் வார்ப்பிலேயே புடைப்பாக இருப்பது வழக்கம். கிரீஸையும் மண்ணையும் சுரண்டிவிட்டுப் பாருங்கள். மூடிக்குப் பத்து போல்ட். மூடியின் ஒரு போல்ட்டில் சிறு தகடு தொங்கினால் அதில் பல் எண்ணிக்கை அடித்திருக்கும். கிரவுனின் ஓரத்திலும் அதே எண்கள் இருக்கும்.

ஆனால் 44 என்பது கூட்டின் குடும்பப் பெயர்தான். ஒரே 44-க்குள் விகிதம் பலவாக இருக்கும். உள் ஷாப்ட்டின் முனையில் உள்ள வரிப்பல் பழையதில் 10, பிறகு 19, இன்னும் பிறகு 30 என்று மாறியிருக்கிறது. 10 வரிப்பல் ஷாப்ட்டை 19 வரிப்பல் துளைக்குள் எந்தச் சம்மட்டியாலும் ஏற்ற முடியாது. கிரவுன் உட்காரும் உள் கூடும் 3.73 வரை ஒன்று, 3.92-க்கு மேல் வேறொன்று. ஆகவே 'கிரவுன் பினியன் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்' என்பது எல்லா நேரமும் நடக்காது.

பழைய ஜீப்பின் பின் அச்சில் குடம் நடுவில் இராது. ஷாப்ட் வரும் நேருக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். வேறு வண்டியின் நடுக்குட அச்சைக் கொண்டுவந்து மாட்டினால் ஷாப்ட் கோணலாகி, கிராஸ் அடிக்கடி போகும். அகலத்தை மட்டும் அளந்து வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே பாடுதான்

இது நம் ஊர் ஏழை வண்டிகளின் தொல்லை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. தொடங்கி 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் பெரிய என்ஜின் வைத்த வேகக் கார்கள் பல வந்தன. 'மசில் கார்' என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றைப் பழமைப் பொருளாகப் போற்றுகிறவர்கள் இன்று பின் அச்சு தேடும்போது நம்மைப் போலவே எண்ணி, துடைத்து, குனிந்து பார்க்கிறார்கள்.

செவர்லே கார்களில் பத்து போல்ட் அச்சு, பன்னிரண்டு போல்ட் அச்சு என்று இரண்டு உண்டு. பன்னிரண்டு போல்ட் வலுவானது, விலையும் அதிகம். ஆனால் அந்நிறுவனத்தின் சரக்கு வண்டிகளிலும் பன்னிரண்டு போல்ட் அச்சு உண்டு. அதன் உட்பாகம் கார் அச்சுக்குப் பொருந்தாது. போல்ட்டை எண்ணியதோடு நின்றவர் ஏமாந்தார். கிரைஸ்லர் நிறுவனம் 1957 முதல் 1974 வரை போட்ட எட்டே முக்கால் அங்குல அச்சில் பினியன் தண்டு மூன்று வகை. வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 741-ஆ, 742-ஆ, 489-ஆ என்று பார்த்தே எது எது என்று சொல்வார்கள். ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சிலோ ஷாப்ட்டுக்கு 28 வரிப்பல், 31 வரிப்பல் என்று இரண்டு. அதன் தகட்டில் எண்களுக்கு நடுவே எல் என்ற எழுத்து இருந்தால் பூட்டு வகை என்று பொருள். மிகப் பெரிய என்ஜினோடு கைக்கியர் போட்ட கிரைஸ்லர் கார்களுக்கு டானா 60 அச்சு வைத்தார்கள். நம் ஜீப்பின் 44-க்கு அது அண்ணன். இதன் கிரவுன் எட்டரை அங்குலம், அதனுடையது ஒன்பதே முக்கால் அங்குலம்.

அவர்களும் ஒரு பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ கை மாறிய அச்சில், தகட்டில் இருப்பது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கலாம். எனவே தகடு ஒரு துப்பு மட்டுமே. சாட்சி, பல்தான். அவர்களுக்கு இது பந்தயத்தில் சில நொடி. நமக்கு இது உயிர்.

அச்சு முறிந்தால் என்ன ஆகும்?

உயிர் என்று நான் சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. எனக்குத் தெரிந்த வணிகர் ஒருவரின் ஜீப் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சோளக்காட்டிலிருந்து இறங்கும்போது பின் ஷாப்ட் முறிந்தது. ஓட்டுநர் இரண்டாம் கியரில் வந்துகொண்டிருந்தார். திடீரென்று கியர் இல்லாதது போல வண்டி பாய்ந்தது. கை பிரேக்கை இழுத்தார், பிடிக்கவில்லை. கால் பிரேக்கை மிதித்தார், பெடல் தரையைத் தொட்டது. மலைப் பக்கம் மண் சரிவில் வண்டியை ஒடித்து ஏற்றியதால் இருவரும் பிழைத்தார்கள். மறுபக்கம் பள்ளம்.

மூன்றும் ஏன் ஒரே நேரத்தில் போயின? காரணம் அறிந்துகொள்ள வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்க ஷாப்ட் முறிந்தால் அந்தப் பக்கம் சும்மா சுற்றும், மறு பக்கத்துக்கும் விசை போகாது. அதனால் என்ஜின் பிடிப்பு அற்றுப்போகிறது. பழைய ஜீப் வகைகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. அது நடுவில் ஷாப்ட்டின் தொடக்கத்தில் இருக்கிற ஒரு டிரம். ஷாப்ட்டைப் பிடித்து என்ன பயன்? முறிந்த அச்சு வழியாக அந்தப் பிடிப்புச் சக்கரத்துக்குப் போகாது. முறிவு வெளிப்பக்கம் நேர்ந்தால் சக்கரமும் டிரம்மும் சேர்ந்து வெளியே நகரும். லைனிங்குக்கு எதிரே டிரம் இல்லாமற் போகவே வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து எண்ணெய் கொட்டிவிடும். ஒற்றைக் குழாய் பிரேக் உள்ள பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் அதே எண்ணெய்தான். ஆகக் கால் பிரேக்கும் போயிற்று.

இதற்கு ஆளாவது செமி ஃப்ளோட்டிங் எனப்படும் வகை. அதில் ஷாப்ட்டே சக்கரத்தையும் தாங்குகிறது, சுற்றவும் செய்கிறது. லாரிகளில் உள்ள ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் பாரத்தைக் கூடு தாங்கும், ஷாப்ட் சுற்றுவது மட்டுமே. ஷாப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று போகாது, கால் பிரேக் இருக்கும். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே நீண்டு, அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தால் ஃபுல் ஃப்ளோட்டிங். சக்கரத்தைக் கழற்றாமலே ஷாப்ட்டை உருவிவிடலாம். பழைய ஜீப்பில் இருப்பதோ கூம்பு முனை, ஒரு சாவி, ஒரு பெரிய நட்டு, காட்டர் பின். நிதமும் பாரத்தோடு மலை ஏறி இறங்குகிற தொழிலானால் ஜீப்பைவிட ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சுள்ள சரக்கு வண்டியே தக்கது என்பது என் கருத்து.

வாங்கும்போது கவனிக்க

1. உங்கள் வண்டியின் பல் எண்ணிக்கை, ஷாப்ட் வரிப்பல், அச்சின் அகலம், குடம் எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்கியுள்ளது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

2. வடிகால் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளித் துகள் மின்னினால் பேரிங்கோ பல்லோ தேய்ந்திருக்கிறது. துண்டு துண்டாக இரும்பு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள்.

3. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உரசித் தேய்த்து ஜோடியாகச் செய்யப்படுபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கும். ஒரு ஜோடியின் கிரவுனும் வேறு ஜோடியின் பினியனும் சேர்ந்தால் ஊளையிட்டு விரைவில் அழியும்.

4. ஷாப்ட்டை உருவிப் பாருங்கள். வரிப்பல் நேராக இல்லாமல் கயிறு போல முறுக்கியிருந்தால் அது முறியும் தறுவாயில் இருக்கிறது. சாவிப் பள்ளத்தின் மூலையில்தான் முதல் கீறல் விழும். மண்ணெண்ணெயில் நனைத்து, நன்றாகத் துடைத்து, சாக்கட்டித் தூளைத் தூவுங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

5. கூடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிகப் பாரம் ஏற்றிய வண்டியின் கூடு நடுவில் தொய்ந்திருக்கும். ஒரு நூலை இரு முனைக்கும் கட்டினால் தெரியும். வெல்டிங் தழும்பு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

6. பில் இல்லாமல் வாங்க வேண்டாம். திருட்டு வண்டியைப் பிரித்து விற்ற பாகமாக இருந்தால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டி வரும். எண்ணிக்கை மாறினால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மாட்டிய பிறகு

நல்ல அச்சையும் கவனிக்காவிட்டால் கெடும். கூட்டின் மேல் மூச்சுக்குழல் ஒன்று சிறு தொப்பி போல இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால், ஓடிச் சூடான கூட்டுக்குள் காற்று விரிந்து எண்ணெயைச் சீல் வழியாகப் பிரேக் லைனிங்கின் மேல் தள்ளும். மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஐயாற்றைக் கடந்து வண்டி போனால், அன்றே எண்ணெயைச் சோதியுங்கள். கிரவுன் பினியனுக்கு அதற்கென்று உள்ள கியர் எண்ணெயே ஊற்ற வேண்டும். என்ஜின் எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றக் கூடாது. கூம்பு முனை உள்ள ஹப்பின் ஓரத்தில் செந்நிறத் துரு மாவு கசிந்திருந்தால் நட்டு இளகியிருக்கிறது என்று பொருள். காட்டர் பின் இல்லாமல் ஒரு நாளும் வண்டியை எடுக்க விடாதீர்கள்.

மற்றொன்று, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் தன்மையை உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதே வகை அச்சைப் போடுவது பழுது பார்த்தல். வேறு வண்டியின் அச்சை வெட்டி ஒட்டுவது அப்படியல்ல. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் செய்தால் விபத்து நேரும்போது காப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

முடிவாக

நாம் தராசு பிடித்துப் பிழைக்கிறவர்கள். கடையில் ஒரு முட்டைக்கோஸ் கூடுதலா குறைவா என்று பார்க்கிற கண், நாம் அனுப்பும் ஓட்டுநரும் சுமைக்காரரும் ஏறி உட்காருகிற வண்டியின் அடியையும் பார்க்க வேண்டும். எழுபது வளைவில் இறங்குகிறவர் முதலாளியல்ல, நம்மை நம்பி வருகிற தொழிலாளி. அவர் வீட்டிலும் விளக்கு ஏற்றி வைத்துக் காத்திருப்பார்கள்.

அந்த மேஸ்திரி இன்று இல்லை. அவர் தந்த சாக்கட்டித் துண்டு ஒன்று என் கல்லாப் பெட்டியில் வெகு நாள் கிடந்தது. பிறகு எங்கோ தொலைந்துபோயிற்று. அவர் கேட்ட கேள்வி மட்டும் தொலையவில்லை. அடுத்த முறை நீங்கள் பழைய அச்சு வாங்கப் போகும்போது சாக்கட்டியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு சுற்றுச் சுற்றி எண்ணிவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.